ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்த செயலாளர்

சபையின் வெள்ளி விழா மலருக்காக ஒரு படிவம் வந்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, சபையில் வகித்த பொறுப்புகள். பொறுப்புகளை எழுத இரண்டே வரி விட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீயே எழுதிக் குடு ஞானம், எனக்கு இன்னா தெரியும்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நல்ல ஆளிடம் கொடுத்தார்! இந்த ஞானகுமாரிக்கு ரேஷன் கடை மனுவையே இரண்டு வரியில் எழுத வராது. அதனால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

பொறுப்புகள் என்று கேட்டால், பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கன்வென்ஷன் பந்தல் கமிட்டி, நான்கு வருஷம் சபைச் செயலாளர். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் எழுதப் போவது அந்தச் செயலாளர் பதவி போன கதை. ஆமாம், போன கதைதான். என் புருஷனைப் பற்றி நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்வது அதைத்தான்.

1985. இவர் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். எங்களுக்குக் குவார்ட்டர்ஸில் வீடு. ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் மற்ற வீட்டு ஆண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சைக்கிள் மட்டும் வராது. திங்கள் பட்டாபிராமில் வீட்டு ஜெபம். செவ்வாய் கமிட்டி. புதன் பாட்டுப் பயிற்சி. வியாழன் திருநின்றவூரில் யாரோ புதுவீடு கட்டியிருப்பார்கள், அங்கே ஸ்தோத்திரக் கூட்டம். வெள்ளி உபவாச ஜெபம். சனி வெள்ளானூரில் ஊழியம். ஞாயிறைக் கேட்கவே வேண்டாம். டைரியில் ஒரு சாயங்காலம் வெறுமையாக இருந்தால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது.

வீட்டில் அயனாவரம் தமிழ் பேசுகிற மனிதர், சபையில் நின்றால் சுத்த வேதாகமத் தமிழ்தான். "இன்னா ஞானம், கொயம்பு ஆறிப் போச்சி" என்று காலையில் சொன்ன வாய், பத்து மணிக்கு "சகோதர சகோதரிகளே, இத்தருணத்தில் நாம்" என்று தொடங்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் அந்த வருஷம் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. எங்கள் மகள் சாராளுக்கு அப்போது ஏழு வயது. மூன்று வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலை எடுத்துக்கொண்டது. ஜூன் மாதம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "முழங்கால் மடங்கினபடியே இறுகுதும்மா. தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காலை நீவி நீட்டணும். ஒருத்தர் இடுப்பை அழுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் நீட்டணும். ஒரு வருஷம் நாள் தவறாம செஞ்சா, காலிப்பர்னு காலுக்கு ஒரு இரும்புப் பட்டை, அதைப் போட்டு நடப்பா. இல்லேன்னா மடங்கின கால் மடங்கினதுதான்."

வந்து இவரிடம் சொன்னேன். கண் கலங்கிப் போனார். அன்றைக்கே எல்லா ஜெபக் கூட்டத்திலும் சாராள் பெயரைக் கொடுத்தார். பட்டாபிராமில் ஜெபித்தார்கள், திருநின்றவூரில் ஜெபித்தார்கள், வெள்ளானூரில் கண்ணீரோடு ஜெபித்தார்கள். இடுப்பைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. நான் ஒருத்தி இடுப்பைப் பிடித்தால் கால் நழுவும், காலைப் பிடித்தால் இடுப்பு தூக்கும், பிள்ளை வலியில் கத்துவாள். எதிர்வீட்டுக் கஸ்தூரி அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடிவந்து பிடிப்பாள். அவளுக்கும் நாலு பிள்ளைகள். எத்தனை நாள் வருவாள் பாவம்? இவரிடம் கேட்டால், "கர்த்தர் வேல ஞானம், எப்டி வேணான்றது?" என்பார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? கர்த்தருக்கு எதிராக வாதாட முடியுமா? ஒரு மாதம் இப்படியே போயிற்று. முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கியது.

எங்கள் சபையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதி அதில் போடலாம், பெயர் போட வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் செயலாளர் அவற்றை வாசிப்பார், சபை ஜெபிக்கும். செயலாளர் யார்? என் வீட்டுக்காரர்.

ஜூலையில் ஒரு நாள் எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "ஒரு சீட்டு எழுதிக் கொடுடி" என்று கஸ்தூரியிடம் போய் நின்றேன். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: "என் புருஷன் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதில்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு பிள்ளை தூங்கிய பிறகு வருகிறார். அவர் வீட்டுக்கு வரும்படி ஜெபியுங்கள்." அதோடு நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவாளா? "இரு ஞானம், ஒரு லைன் நானும் போட்டுக்கறேன்" என்று அடியில் எழுதிவிட்டாள்: "அந்த ஆளுக்கு நல்ல புத்தி குடு சாமி."

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் அதைப் பிரித்தார். சாராளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கணீரென்று வாசித்தார், கஸ்தூரியின் வரியையும் விடாமல். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, "சபையாரே, இப்படியும் ஒரு தகப்பன் நம் நடுவில் இருக்கிறான். அவனுக்காக வருகிற வெள்ளிக்கிழமை விசேஷ உபவாச ஜெபம் நடைபெறும்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் த்சொ த்சொ என்று உச்சுக்கொட்டினார்கள். யாரோ குடிகாரன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று நானும் குனிந்துகொண்டேன்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை.

"அந்தச் சீட்டே மனசுல நிக்குது ஞானம். அந்தப் பொம்பள எவ்ளோ நொந்து எய்திக்கீது பாரு. நான் நேர்ல போயி அந்த ஆளு கைய புடிச்சி பேசிட்டு வரேன். ஊடு எங்கன்னு தெரிஞ்சா போதும்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியுமா? சொல்லு சொல்லு!" கையைக் கழுவிவிட்டு வந்து டைரியைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுதிக்குங்க. ஆவடி, ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்."

"நம்ம குவார்ட்டர்ஸா! அட கர்த்தாவே, பக்கத்துலயே வெச்சிக்கினு தெரியாம கீறேனே" என்றபடி எழுதினார்.

"ஏழாவது தெரு."

எழுதினார்.

"வேப்பமரத்துக்கு எதிர் வீடு. பச்சைக் கதவு. போன கிறிஸ்மஸுக்கு அடிச்ச பெயின்ட்."

'பச்ச கதவு' வரை எழுதிய பேனா நின்றது. அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடித்தது அவர்தான். தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார், பாயில் காலை மடக்கியபடி தூங்கிக்கொண்டிருந்த சாராளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். ஐயோ, அந்த முகத்தை நான் என்ன சொல்ல! கத்துவார் என்று தயாராக இருந்தேன். நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை.

"அல்லா ஊட்லயும் போயி ஜெபம் பண்ணேன் ஞானம். என் ஊட்டாண்ட மட்டும் வர்ல" என்றார். அப்புறம் அழுதார். நானும் அழுதேன். பிள்ளை எழுந்து எங்கள் இருவரையும் பார்த்து மிரண்டு அவளும் அழுதாள்.

அடுத்த நாள் திங்கள். ஐந்து மணிச் சங்கு ஊதிக் கால் மணி நேரத்தில் எங்கள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கஸ்தூரி எதிர் வாசலில் நின்று, "இன்னாண்ணாத்தே, வழி தவறி வந்துட்டியா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கக்கூட இல்லை, நேரே வெந்நீர் வைக்கப் போனார்.

ஆனால் வீட்டுக்கு வந்தது பெரிதில்லை, வெள்ளிக்கிழமை ஒன்று இருந்ததே! சபையே அந்த முகம் தெரியாத ஆளுக்காகப் பட்டினி கிடந்து ஜெபித்தது. பேசாமல் விட்டிருந்தால் ஒரு பூனைக்குட்டிக்கும் தெரிந்திருக்காது. நான்கூட, "விடுங்க, நமக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்று சொன்னேன். கேட்கவில்லை. ஞாயிறன்று எழுந்து நின்று, அந்த இடத்தில் அதுவரை பேசாத அயனாவரம் தமிழில் பேசினார்.

"போன வாரம் ஒரு ஆளுக்காக ஜெபிக்கச் சொன்னேன். அந்த ஆளு நான்தான். இனிமே சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு எனக்கு வேற வேல கீது. என் பொண்ணு கால் நீட்டணும். செயலாளர் வேலைய வேற யாருக்கானா குடுத்துடுங்க."

எங்கள் சபைப் போதகர் ஐயர் பிரசங்க மேடையில் அப்படியே நின்றார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமை, அவர் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாலையோடு வந்த நாளில்கூட இருந்ததில்லை.

சொன்னது சுலபம். முதல் வாரம் சாராள் போட்ட கூச்சலில் மனிதர் இரண்டு தடவை வெளியே ஓடிப் போய் வேப்பமரத்தடியில் நின்றார். இரும்பை வளைக்கிற கைக்கு, பிள்ளை காலை எவ்வளவு அழுத்துவது என்று தெரியவில்லை. கோபம் வந்தால் "அழாதடி!" என்று அதட்டுவார், பிறகு தலையில் அடித்துக்கொள்வார். பொறுமை என்று நூறு கூட்டத்தில் பேசியவர், அதை அந்தப் பாயில் உட்கார்ந்துதான் படித்தார். ஒரு நாள் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவை காலை நீட்டிப் பிடிக்கும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் வேதாகமப் புத்தகங்களின் பெயரைச் சொன்னார். "ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம்..." சாராளும் கூடச் சேர்ந்து கத்துவாள். ஆரம்பத்தில் உபாகமம் தாண்டுவதற்குள் அழுகை. ஆவணி பிறந்தபோது ரூத். நவம்பர் மாதத்தில் ரோடெல்லாம் வெள்ளம், இவர் இடுப்புத் தண்ணீரில் சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆறு பத்துக்கு வந்து சேர்ந்தார். "பத்து நிமிஷம் லேட்டுப்பா" என்றாள் மகள். நனைந்த சட்டையோடு மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்மஸுக்குள் சங்கீதம் வந்துவிட்டோம்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. வெளியே என்ன பேச்சு தெரியுமா? "கிறிஸ்துதாஸ் விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டாரு. கூட்டத்துல ஆளையே காணோம்." பொருளாளர் என் காது படவே சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இவர்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "உடு ஞானம். ஆறு மணி ஆவப் போவுது, வெந்நி வையி." முன்பெல்லாம் யாராவது ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் சாப்பிடாத மனிதர் இவர்!

அடுத்த ஜூலையில் டாக்டரம்மா காலை அளந்து பார்த்து, "யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார். நான் இவரைக் காட்டினேன். காலிப்பர் வந்தது. இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய பைப் வாங்கிவந்து, வீட்டுக்குள் இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி போட்டார். அந்த வருஷம் முடிந்தும் ஆறு மணி நிற்கவில்லை. நடை, பிறகு படி ஏறுவது, பிறகு பள்ளிப் பாடம், பிறகு மூன்று பேரும் முழங்கால் போட்டு ஜெபம். பதவி திரும்பத் தேடி வந்தது, இரண்டு தடவை. "ஏழு மணிக்கு மேல ஆவற வேல இருந்தா சொல்லுங்க" என்று பந்தலுக்குக் கம்பு நடப் போனார்.

1993-இல் சாராளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, வளர்ந்த பிள்ளைகளைப் பிஷப் தலையில் கைவைத்துச் சபையில் முழு அங்கமாகச் சேர்ப்பது. பிஷப் வந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பீடத்துக்கு நடந்துபோய் முழங்காற்படியிட வேண்டும். "சாராள் நாற்காலியில் உட்காரட்டும், பிஷப் ஐயா கீழே இறங்கி வந்து கைவைப்பார்" என்று ஐயர் அன்பாகத்தான் சொன்னார். சாராள் முடியாது என்றுவிட்டாள். அதற்காக இரண்டு மாதம் அப்பனும் மகளும் வீட்டுக் கம்பியைப் பிடித்து மண்டியிடப் பழகியிருந்தார்கள். காலிப்பரின் முட்டியில் ஒரு பூட்டு இருக்கும். அதைத் தூக்கினால்தான் கால் மடங்கும். தவறான நேரத்தில் தூக்கினால் குப்புற விழ வேண்டியதுதான்.

வெள்ளைச் சேலையில் என் மகள் எழுந்து நடந்தாள். ஊன்றுகோலைக்கூடப் பெஞ்சிலேயே வைத்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆண்கள் பக்கம் திரும்பினேன். எழுந்து ஓடிப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். நானும் சேர்ந்துகொண்டேன். ஆதியாகமம் ஓர் எட்டு, யாத்திராகமம் ஓர் எட்டு. அவள் பீடத்தைத் தொட்டபோது மல்கியா. முப்பத்தொன்பது எட்டு. பீடத்தின் முன்னிருந்த கம்பியைப் பிடித்தாள், குனிந்து பூட்டைத் தூக்கினாள். அந்த அமைதியில் "டக்" என்று சத்தம் சபை முழுக்கக் கேட்டது. என் பிள்ளை முழங்காலில் இருந்தாள். ஒரு காலத்தில் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும் என்றார்களே, அந்தக் கால். அது இப்போது அவள் சொன்ன இடத்தில் மடங்கியது!

எல்லாம் முடிந்து ஸ்தோத்திரச் சீட்டுகள் வாசிக்கும் நேரம். அப்போதைய செயலாளர் அந்தப் பழைய பொருளாளர்தான். ஒரு சீட்டைப் பிரித்தவர் என் வீட்டுக்காரர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வாசித்தார்:

"எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆள் வீட்டுக்கு வரும்படி இந்தச் சபை உபவாசம் இருந்து ஜெபித்தது. அவர் வந்தார். ஒரு நாள் மட்டும் பத்து நிமிஷம் லேட். ஸ்தோத்திரம்."

அதை நான் எழுதவில்லை. கஸ்தூரியும் எழுதவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வரிசையில் சாராள் மட்டும் நேரே பார்த்தபடி, ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தாள்.