ஜார்ஜ் டவுனுக்கு ஐந்து சட்டைகளுடன்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஜார்ஜ் டவுன் போய்வந்தேன். நான் பினாங்கு போனால் எதற்குப் போவேன் என்று இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். வயிற்றுக்குத்தான். இந்தத் தடவை சாப்பாட்டைப் பற்றி ஒன்றிரண்டு வரிகள்தான் வரும், அதுவும் சரியாகச் சாப்பிடாத கதை. பசியோடு படிக்க வந்தவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா ஜெசிந்தா சுங்கை பாக்காப்பில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் ஜெரோம், பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன், லாரி மோதி வழியிலேயே போய்விட்டான். வயது இருபத்து நான்கு. அத்தான் அதற்கு முன்பே தவறிவிட்டார். இப்போது அந்த வீட்டில் அக்காவும் டிவியும்தான். பங்குச் சாமியார் ஜெபிக்கச் சொன்னார், அவளும் ஜெபிக்கிறாள். ஆனால் ஜெபத்துக்கு ஜெரோமின் குரலில் பதில் வருவதில்லையே.

இந்த நேரம் பார்த்து எந்தப் புண்ணியவதியோ அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பி வைத்தாள். ஜார்ஜ் டவுனில் ஒரு ஆவி ஆராய்ச்சிக் குழு இருக்கிறதாம். கருவிகளெல்லாம் வைத்து, இறந்தவர்களோடு அறிவியல் முறைப்படி பேசுவார்களாம். காசு வாங்க மாட்டார்களாம். நான் ஈப்போவில் ஒரு கையுறை ஆலையின் ஆய்வகத்தில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறவள். 'அறிவியல் முறைப்படி' என்று யாராவது சும்மா சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"நீ வர்றியா, இல்ல நான் தனியா போகட்டா?" என்று அக்கா ஃபோனில் கேட்டாள்.

"வர்றேன். ஆனா நான் ஒரு டெஸ்ட் வெப்பேன். அதுல அவுங்க பாஸானா அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன்."

"வெச்சுக்கோலா. ஒன் வாய அடைக்கறதுக்காவது என் புள்ள வருவான்."

டெஸ்ட் இதுதான். ஜெரோம் போட்ட சட்டை ஒன்றை அக்கா எடுத்துவர வேண்டும். ஏறக்குறைய அதே மாதிரி நான்கு பழைய சட்டைகளை நான் ஈப்போவில் பண்டல் கடையில் வாங்கி வருவேன். பண்டல் கடை தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: மற்றவர்கள் போட்டுக் கழித்த துணியை மூட்டையாக வாங்கிப் பிரித்து விற்கும் கடை. ஐந்தையும் ஒரே மாதிரி காகிதப் பைகளில் போட்டு வாயை ஸ்டேப்பிள் அடித்து, வேறு யாரையாவது கலைத்து வைக்கச் சொன்னால், எந்தப் பையில் எது என்று எங்களுக்கே தெரியாது. குழுவில் பொருளைத் தொட்டுச் சொல்லும் பெண் ஒருத்தி இருக்கிறாளாம், அவள் ஜெரோமின் பையைக் கண்டுபிடிக்க வேண்டும். குழுத் தலைவர் நேசனிடம் ஃபோனில் சொன்னபோது, "ரொம்ப நல்லது சிஸ்டர், செய்வோம்" என்று உடனே சம்மதித்துவிட்டார். சண்டை போடத் தயாராக இருந்த எனக்குச் சப்பென்று போய்விட்டது.

காலை ஆறரைக்கு ஈப்போவில் கிளம்பினேன். சுங்கை பாக்காப்புக்கு ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் இருந்தேன். அவள் அப்போதே புடவை கட்டித் தயாராக நின்றாள், கையில் மடித்த ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. அதை வாங்கிப் பையில் போட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டேப்பிள் அடித்தேன். அங்கிருந்து பட்டர்வொர்த் முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். காடியை (கார்தான்) ஃபெர்ரி முனையத்துப் பக்கத்தில் நிறுத்த ஆறு வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது. ஃபெர்ரியில் இப்போதெல்லாம் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான், காடி ஏற்ற முடியாது. ஆளுக்கு இரண்டு வெள்ளி, காசு ஏற்றிய அட்டையில்தான் கட்ட வேண்டும். கால் மணி நேரத்தில் அக்கரை.

ஃபெர்ரி இறக்கிவிடும் ஜெட்டியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் பத்து நிமிட நடை. ஒரு கடையில் உட்கார்ந்து பசியாறினோம். ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், மொத்தம் எட்டு வெள்ளி நாற்பது காசு. அக்கா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் ஊற வைத்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. நான் கல்லாவில் இருந்த அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, ஒரு ஒதவி. இந்த அஞ்சு பையையும் உள்ள கொண்டு போயி, நல்லா மாத்தி மாத்தி வெச்சு, மேல ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போட்டுக் குடுங்க. நாங்க பாக்கக் கூடாது."

"என்னக்கா, லக்கி டிராவா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"நமக்கு என்ன பரிசு?"

"ஒரு பழைய சட்டை" என்றாள் அக்கா, மேசையிலிருந்தே. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகிறது.

பத்தரைக்குக் குழுவின் இடத்துக்குப் போனோம். இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைவீட்டின் மாடி. மந்திரவாதி அறை மாதிரி கறுப்புத் துணியெல்லாம் தொங்கும் என்று நினைத்திருந்தேன். வெள்ளையடித்த சாதாரண அறை, ஜன்னல் நிறைய வெயில், ஒரு மேசை, ஒரு கேமரா. நேசன் நாற்பது வயதுக்காரர், ஏர்கோன் பழுது பார்க்கிறவர். தொட்டுச் சொல்லும் பெண் லீனா முப்பது வயதிருப்பாள், பேசுவதே காதில் விழாத சாது. அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நேசன் ஒரு சின்ன மீட்டரைக் காட்டினார். ஆவி வந்தால் காந்தப்புலம் ஏறுமாம். மேசைக்கு மேலே தூக்கினால் நிஜமாகவே எண் ஏறியது. நான் எழுந்துபோய் மேலே சுழன்ற மின்விசிறியை நிறுத்தினேன், எண் இறங்கிவிட்டது. "ஆவி காத்து வாங்க வந்திருக்கு போல" என்றேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். நேசனுக்குக் கோபமே வரவில்லை. "அதுக்குத்தான் சிஸ்டர் ஒங்கள மாதிரி ஆளு வேணுங்கறேன். எங்களுக்குச் சொல்லித் தர யாரும் இல்ல" என்றார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பைகளை மேசையில் வரிசையாக வைத்தோம். லீனா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பையின் மேலும் உள்ளங்கையை வைத்தாள். மூன்றில் நின்றாள், ஐந்துக்குப் போனாள், திரும்பி வந்தாள். அக்கா மடியில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு" என்றாள் லீனா.

நான்தான் பிரித்தேன். அக்கா கொடுத்த நீலக் கட்டம்.

நேசன் "ஆண்டவரே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லீனா அழ ஆரம்பித்தாள். "இது என் சட்டன்னு சொல்றாரு. இங்கதான் இருக்கேன், அழாதீங்கம்மான்னு சொல்றாரு." அக்காவும் அழுதாள், சத்தமே இல்லாமல். நான் மட்டும்தான் வாயை மூடவில்லை. ஐந்தில் ஒன்று என்பது பெரிய அதிசயமே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஐந்து தடவையில் ஒரு தடவை வரும், ஒரே ஒரு கையுறையைப் பார்த்து ஒரு பெட்டியையே பாஸ் பண்ணுவோமா, இன்னும் பத்து தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினேன். நேசன், "செய்வோம் சிஸ்டர், இருபது தடவகூட செய்வோம்" என்றார்.

"போதும்" என்றாள் அக்கா. சட்டையை மடித்துப் பையில் போட்டு, இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள். கிடைத்ததை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு என்று திட்டம் வைத்திருந்தேன். "பசிக்கல" என்று நேராக ஜெட்டிக்கு நடந்தாள். பன்னிரண்டு மணி ஃபெர்ரி. கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தச் சட்ட ஜெரோமோடது இல்ல."

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"அவன் போறதுக்கு மொத நாள் ராத்திரி கழட்டிப் போட்டானே, அத ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். ஒனக்காக அதத்தான் எடுக்கப் போனேன். தெறக்கக் கை வரல புள்ள. தெறந்தா அவன் வாசம் போயிரும்ல? அதான் செபராங் ஜெயாவுல பண்டல் கடைக்குப் போயி, அவன் போடற மாதிரி ஒண்ணு தேடி எடுத்தேன். ஒன்கிட்ட சொன்னா திட்டுவ."

"அப்ப அஞ்சுமே..."

"அஞ்சுமே எவன் சட்டையோ. நான் டெஸ்ட கெடுக்கணும்னு செய்யலடி. சட்டையில என்ன இருக்கு, வர்றவன் வருவான்னு நெனச்சேன். அங்க போயி உக்காந்தப்பதான் தோணிச்சு. அவன் உண்மையிலேயே வந்திருந்தா சொல்லுவான்ல? 'அம்மா, இதுல எதுவுமே என் சட்ட இல்லம்மா, என் சட்ட வீட்டுல அலமாரியில இருக்கு'ன்னு. அத மட்டும் அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா நான் அவ கால்ல விழுந்திருப்பேன். சொல்லுடா, சொல்லுடான்னு மனசுக்குள்ள கத்துனேன். சொல்லலியே."

எங்கள் ஆய்வகத்தில் சில சமயம் ஒன்றுமே கலக்காத வெறும் மாதிரியை வேண்டுமென்றே அனுப்பி வைப்போம். அதிலும் எதையாவது கண்டுபிடித்தேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவருடைய மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது. இருபது வருடமாக இதைச் செய்கிறவள் நான், எனக்கு அன்று இது தோன்றவில்லை. அக்கா தன் மகனின் வாசத்தைக் காப்பாற்றப் போய் அதைச் செய்துவிட்டாள். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அந்த நிமிஷம் அந்தச் 'சரி'யை எடுத்துக் கடலில் போட்டுவிடலாம் போல இருந்தது எனக்கு.

பட்டர்வொர்த்தில் காடியில் ஏறியதும் நேசன் கூப்பிட்டார். அந்த வீடியோவைத் தங்கள் பக்கத்தில் போடலாமா என்று அனுமதி கேட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சிஸ்டர்... அம்மா அவர நெனச்சுத்தானே அந்தச் சட்டைய எடுத்தாங்க? அந்த நெனப்பு அதுல ஏறியிருக்கலாம்ல?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! சரியாகச் சொன்னாலும் ஆவி, தப்பாகச் சொன்னாலும் ஆவி என்றால் எதற்கு டெஸ்ட் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இல்ல தம்பி. இது என் சட்டைன்னு அவன் சொன்னதாத்தானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு? அடுத்தவன் சட்டைய என்னோடதுன்னு என் புள்ள சொல்ல மாட்டான்."

 அப்புறம் நேசன் பேசியபோது குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "என் வீட்டுக்காரி போயி நாலு வருஷம் ஆச்சுக்கா. அவ வளையலையும் லீனா இப்படித்தான் தொட்டுச் சொல்லிச்சு. நான் அதுலேர்ந்துதான்... அப்ப அதுவும் இல்லியாக்கா?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன்.

"அது எனக்குத் தெரியாது தம்பி" என்றாள் அவள். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா."

"மணி ஒண்ணாகப் போவுது. போயி சாப்டு மொதல்ல."

வீடியோவை அவர் போடவில்லை. நேற்றுகூடப் பார்த்தேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்குள் பட்டர்வொர்த் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு காடி நிறுத்த இடம் தேடித் தலை சுற்றும். ஃபெர்ரிக்கு அட்டையில் காசு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். குடை கட்டாயம். செலவு, காடிக்கு எண்ணெயும் டோலும் போக, இருவருக்கும் சேர்த்து இருபத்தைந்து வெள்ளியைத் தாண்டாது. என்னைப் போல டெஸ்ட் வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 'இதில் எதுவுமே இல்லை' என்று சொல்லவும் உங்கள் டெஸ்டில் இடம் வையுங்கள். நான் வைக்கவில்லை, ஐந்தில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டேன். துக்கத்தில் இருக்கிறவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், நீங்கள் ஜெயித்த பிறகு திரும்பி வரும் வழியில் அவர்களிடம் என்ன பேசுவீர்கள் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். சுங்கை பாக்காப் வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அக்கா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. நாலாவது பையிலிருந்து அந்த நீலச் சட்டை வந்தபோது, ஐந்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று கத்தினேனே, அது வாய்தான். அவன் வந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். ஜெட்டி வரை நடந்த வழியெல்லாம் மனசுக்குள் அவனோடு பேசிக்கொண்டே வந்தேன். லாரியப் பாக்கலியாடா என்று கேட்டேன். ரொம்ப வலிச்சுதாடா என்று கேட்டேன். அக்காவுக்கு அந்த அறையிலேயே தெரிந்துபோயிற்று. எனக்கு அவன் ஃபெர்ரி வரைக்கும் இருந்தான்.