சீப்புச்சீடை டப்பாவோடு போனவர்

காரைக்குடியில் மதுரை பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீரைப் பாட்டில் மூடியில் ஊற்றி, ஊற்றி, சப்புக்கொட்டிக் குடித்தார். கன்னமும் கழுத்தும் வற்றித் தொங்கின. தொப்பை மட்டும் பாக்கியிருந்தது.

"வயித்தச் சுருக்குற ஆபரேஷனாண்ணே?" என்றேன். ஊட்டச்சத்துப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"அட, கண்டுபிடிச்சுட்டீகளே தம்பி!"

மகளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இவருடையது பொருந்துகிறது. ஆனால் எடை குறையாமல் எடுக்க மாட்டோம் என்றார்களாம் டாக்டர்கள். அதற்காகத்தான் ஆபரேஷன்.

"மொதல்ல கடகடன்னு குறைஞ்சுச்சு. இப்ப அப்புடியே நிக்கிது."

தூக்கம், நடை, இனிப்புக் காப்பி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதிலும் தப்பில்லை.

"நடுவுல நடுவுல கொறிக்கிறீகளா?"

மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "சீப்புச்சீடை. பிள்ள ஆசையாக் கேட்டுச்சு. ஆனா நான் ஒரு வாய் தின்னாத்தான் அதுவும் ஒரு வாய் திங்கும். நாள் பூரா இப்புடித்தான்."

"அத நிறுத்துனாலே குறைஞ்சுரும்ணே!"

"நிறுத்துனா அது பட்டினியால்ல கெடக்கும்?"

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எழுந்தவர், என் முகத்தைப் பார்த்து, "குறைஞ்சுரும் தம்பி, கவலப்படாதீக" என்றார்.

டப்பா குலுங்க இறங்கிப் போனார். அவரிடம் வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சீடையில் பாதியை அவர் தின்றால்தான் மீதியை மகள் தின்பாள்.