ஸ்டெல்லாவின் மூக்கில் குடியிருந்த கிருமி

மழை தொடங்கும் முன், என் மனைவி ஸ்டெல்லாவின் முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். குறித்த கையோடு மூக்குக்குள் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டார்கள்.

முட்டிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறதாம். சிலர் மூக்கில் ஒரு கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். தும்மல்கூட வராது. ஆனால் அறுத்த இடத்துக்குள் போய்விட்டால், வைத்த புது மூட்டே கெட்டுப்போகலாம்.

ஸ்டெல்லாவுக்கு அது இருந்தது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக செங்குத்தான சந்து. எட்டு மாதமாக அவள் ஏறவில்லை. சர்ச் இல்லை, வேலை இல்லை. ஆபரேஷன் நின்றுவிடுமோ என்று பயம். அதைவிட அவமானம்... காட்டேஜில் ரூம் சுத்தம் செய்கிறவள் அல்லவா!

"இவரு மூக்குலருந்துதான் எனக்கு வந்துருக்கும். இவருக்கும் பாருங்க சிஸ்டர்!" என்று நர்ஸிடம் என்னைக் காட்டினாள்.

பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். பத்துப் பேர் பார்க்க மூக்கை நீட்டினேன்.

ஐந்து நாள் தடவ ஒரு ஆயின்மென்ட் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால், பூண்டு விவசாயம் பார்க்கும் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"நம்ம மலைப்பூண்டுக்கு மிஞ்சின மருந்தாக்கா? வெரசா நசுக்கி ரெண்டு சொட்டு விடு."

விட்டாள். மூக்கு தக்காளிபோல் வீங்கியது.

"இது மூக்கா, ரசச்சட்டியாக்கா?" என்று நர்ஸ் திட்டினார். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

அன்றுதான் என் ரிசல்ட்டும் வந்தது. ஒன்றுமே இல்லை!

இருபத்தேழு வருடமாக ஒரே சோறு, கொடைக்கானல் குளிருக்கு ஒரே கம்பளி... எப்படி?

"கிருமி எல்லார் மூக்குக்கும் வந்து எட்டிப் பாக்கும்ங்க," என்றார் நர்ஸ். "தங்குதா, போயிருதாங்கறது கொஞ்சம் பொறப்புலயே இருக்கு. அம்மா அப்பா குடுத்த ஒடம்பு. மிச்சத்துக்குக் காரணம் டாக்டருங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. அழுக்குன்னு அர்த்தமில்லக்கா."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, கிருமிகூட உங்ககிட்ட தங்க மாட்டேன்னுருச்சு. நாந்தான் இத்தன வருஷமாக் குடியிருக்கேன்."

வார்டே சிரித்தது. எனக்குக் காது சூடானது. ஆனால் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பூண்டை நிறுத்திவிட்டு ஆயின்மென்ட்டைத் தடவினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயமும் ஆறிவிட்டது. பெற்றோர் கொடுத்த உடம்பில் யார் யாரெல்லாம் ஒண்டிக்கொள்வார்களோ, அது நம் கையில் இல்லை. கூட இருக்கிறவர்களைக் குற்றம் சொல்வானேன்?

போன ஞாயிறு ஸ்டெல்லா அந்தச் சந்தில் ஏறினாள்.

பாதியில் நின்று மூச்சு வாங்கியது — நான்தான்.