அலமாரிக்குப் பின்னால் இருந்த கோடு

அந்த மேயர் பதவியேற்ற அன்று பேப்பரில் அவர் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. ஆள் லட்சணமாக இருந்தார் என்பதற்காக இல்லை, படத்துக்குக் கீழே போட்டிருந்த செய்திக்காக. வடக்கே நெல் வயல் பக்கம் பிறந்தவராம். வடிகால் இலாகாவில் இன்ஜினியராகச் சேர்ந்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி ஏறி, இப்போது டத்தோ பட்டத்தோடு ஈப்போ நகரத்துக்கு மேயர். இங்கே மேயருக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை, மேலிடத்திலிருந்து நியமிப்பார்கள். ஆகவே ஜனங்களிடம் வாக்குக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அப்படியும் நிருபர்களிடம் சொல்லியிருந்தார்: முதலில் கால்வாய், அடுத்து குப்பை, அடுத்து தெருவிளக்கு, பூச்செடியும் நீரூற்றும் கடைசியில்தான்.

இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் ஹாலில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். நாக்கு குழறும், நக்கல் மட்டும் குறையவில்லை. "பாப்போம்லா" என்றார்.

எங்களுக்குக் கால்வாய் என்றால் உயிர் போகிற விஷயம். கோப்பெங் போகும் சாலையிலிருந்து உள்ளே, ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகு கட்டிய மலிவு வீடுகளில் ஒன்று எங்களுடையது. பின்கட்டில் ஓடும் கால்வாயை ஒரு குழந்தை தாண்டிவிடும். மேட்டில் புதிதாக முளைத்த மாடிவீடுகளின் தண்ணீர் மொத்தமும் அதற்குள்தான் இறங்குகிறது. மழை பிடித்துக்கொண்டால் சமையலறை வழியாக உள்ளே வந்துவிடும். போன மழைக்காலத்தில் கட்டில் பலகையைத் தொட்டுவிட்டது. அவரைத் தூக்க என் ஒருத்தியால் ஆகவில்லை. வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் அவரவர் பிரிட்ஜையும் டீவியையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், யார் காதில் விழும்? மெத்தை நனைவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நல்லவேளை, மழை விட்டது. அன்றிலிருந்து வானம் கொஞ்சம் கறுத்தாலே வாசலுக்கு ஓடி மலைப்பக்கம் பார்ப்பேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குச் சொந்தம் இல்லை, ஆனால் இருவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்கள், அண்ணன் தங்கை என்றுதான் பழக்கம். அவர் நடையாய் நடந்து, கெஞ்சிக் கேட்டு, கால்வாயைப் பார்க்க மேயரை வரவழைத்துவிட்டார். அந்தப் பெருமை அவருக்குத்தான் சேரும். அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் என் வயிற்றெரிச்சல்.

தோட்டத்தில் துரை எங்கள் லயத்து வீடுகளைப் பார்வையிட வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்பு அடிப்பார்கள். கால்வாயைக் கழுவிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டு வரிசையில் நிறுத்துவார்கள். "எல்லாம் சரியா இருக்கா?" என்று துரை கேட்டால், ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டே, "நல்லா இருக்குங்க தொர" என்பார்கள். துரையும் சந்தோஷமாகப் போய்விடுவார். கூரை அப்படியே ஒழுகும். தோட்டம் போய்விட்டது, துரையும் போய்விட்டார், இந்தப் பழக்கம் மட்டும் எங்கள் ரத்தத்தை விட்டுப் போகவில்லை.

மேயர் வருவதற்கு முதல் நாள் தலைவர் எல்லோரையும் ஊர் கூடிச் சுத்தம் செய்கிற கோத்தோங் ரோயோங்குக்குக் கூப்பிட்டார். ஆண்கள் சங்குல் மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கிச் சேற்றை வாரினார்கள். பழைய மெத்தை, தேங்காய் மட்டை, யாரோ எறிந்த சைக்கிள் எல்லாம் வெளியே வந்தன. அதோடு விட்டார்களா? வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு வீட்டுக்கு வீடு ஹால் சுவரில் இருந்தது. அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்கு வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

"அண்ணே, கோட்ட அழிச்சிட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"

"வாயால சொல்லுவோம்லா தங்கச்சி. பெரிய மனுசன் வீட்டுக்குள்ள வந்தா, அழுக்குச் சுவரையா காட்டுறது? மானம் போயிரும்."

அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் நல்ல வெயில். மேயர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். சேற்றில் இறங்கத் தயாராக வந்த மனிதர். அந்தப் பூட்ஸைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கால்வாயில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று மலாயில் பாராட்டினார். பக்கத்தில் நின்ற அதிகாரியிடம், இங்கே அவசரம் இல்லை, அடைத்துக் கிடக்கிற இடத்தை முதலில் கவனியுங்கள் என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? பார்த்ததைத்தானே சொல்ல முடியும்! எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

"வேறு ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று தலைவரைக் கேட்டார்.

வாயால் சொல்வேன் என்ற தலைவரைப் பார்த்தேன். அவர் கை தானாகக் குவிந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல டத்தோ, எல்லாம் ஓகே" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மேயர் காரை நோக்கி நடந்தார். பேசினால் தலைவரை ஊர் முன்னால் பொய்யராக்க வேண்டும். பேசாவிட்டால் அடுத்த மழைக்கு என் வீட்டுக்காரர் என்ன ஆவார்? எனக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் மேயரிடம் பேசிப் பழக்கமில்லை. எப்படியோ, "டத்தோ, ஒரு நிமிசம் என் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவர் பளிச்சென்று இருந்தது. தலைவர் பின்னாலேயே வந்து என்னை முறைத்தார். நான் துணி அலமாரியில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. மேயரே வந்து ஒரு கை கொடுத்தார். அலமாரி நகர்ந்தது. அதன் பின்னால் பெயிண்ட் படாத சுவரில் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது.

மேயர் கோட்டைப் பார்த்தார். கட்டில் பலகையைப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"எனக்குக் கொஞ்சம் நீச்சல் தெரியும் டத்தோ" என்றார் என் கணவர், குழறிய மலாயில்.

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என் வீட்லயும் அலமாரி இருக்கு டத்தோ" என்றார். அதற்குப் பிறகு தெரு முழுக்கச் சாமான் இழுக்கிற சத்தம்தான் கேட்டது.

எங்கள் கால்வாய் வேலைப் பட்டியலில் மேலே ஏறியது. மண்வாரி எந்திரம் வந்தது, தோண்டினார்கள். எங்கள் வரிசையை எட்டுவதற்குள் மேயர் பதவி உயர்வு பெற்று வேறு இடத்துக்குப் போய்விட்டார். எந்திரமும் போய்விட்டது. நல்ல மனிதர்கள் மேலே ஏறுவதில் எனக்கு வருத்தம் இல்லை, நடுவில் எங்களை விட்டுவிட்டு ஏறுகிறார்களே என்பதுதான். இப்போது வந்திருக்கும் மேயருக்குப் பழைய ஊர்த் தெருக்களில் விளக்கலங்காரம் செய்து சுற்றுப்பயணிகளை வரவழைக்க வேண்டுமாம். பேப்பர் முழுக்கத் தேடினேன், கால்வாய் என்ற சொல் எங்கும் இல்லை.

நேற்று தலைவர் வாசலில் வந்து நின்றார். புது மேயரும் நம் பக்கம் வரச் சம்மதித்திருக்கிறாராம். துடைப்பத்தை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, இந்தத் தடவ அலமாரிய முன்னாடியே நவுத்தி வச்சிரு."

"அது அன்னிக்கு நவுந்த எடத்துலயே தாண்ணே நிக்கிது" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவரும் அண்ணாந்து பார்த்தார். கேட்டருகே போனவர் திரும்பி வந்தார்.

"அதுக்குள்ள மழ புடிச்சா சத்தம் போடு. என் சாமான் சட்டிய விட்டுட்டு வாரேன்."