கரண்டிக்குச் சீட்டு கட்டியவன்

கொளஞ்சியப்பன் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. அவனுடைய அக்கா புஷ்பவள்ளியை விருத்தாசலம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அவளுக்கு ஒரே மகன், சிலம்பரசன். கொளஞ்சியப்பன் தன் மகள் பவானியை அக்கா மகனுக்கே கொடுத்தான். ஆக, சிலம்பரசனுக்கு அவன் தாய்மாமனும் ஆயிற்று, மாமனாரும் ஆயிற்று. திட்டுவதற்கு இரண்டு பங்கு உரிமை.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கொளஞ்சியப்பன் ஆரம்பித்தது ஒரு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், தாம்பாளம், நாற்காலி, கேஸ் அடுப்பு என்று ஒரு விசேஷ வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். முழங்கால் தேய்ந்து அவன் வீட்டோடு உட்கார்ந்தபிறகு பன்னிரண்டு வருஷமாக மருமகன்தான் கடையைப் பார்க்கிறான்.

சிலம்பரசன் சின்னப் பிள்ளையிலிருந்தே ஒரு மாதிரி. கற்பூரம் வாங்கிவர அனுப்பினால் இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வருவான். வழியில் யாரோ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்து நின்றிருப்பான், கடைசியில் அவனே ஒட்டிக் கொடுத்திருப்பான். "கழுத்துக்கு மேல தலைன்னு ஒண்ணு இருக்கறதாவது ஞாபகம் இருக்காடா ஒனக்கு?" என்பாள் புஷ்பவள்ளி. ஆனால் சோம்பேறி என்று அவனைச் சொன்னால் அது பொய். ஒரு வேலையில் விழுந்தால் சோறு தண்ணி கேட்கமாட்டான். கல்யாண மண்டபத்தில் திடீரென்று ஐம்பது பேர் கூட வந்துவிட்டால் எல்லாரும் பதறுவார்கள், இவன் முகம் மட்டும் அப்போதுதான் தெளியும். கஷ்டமெல்லாம் சாதாரண நாளில்தான். ஆர்டரை நோட்டில் எழுதுவான். அந்த நோட்டை எங்கே வைத்தோம் என்று தேடப் போவான். தேடப் போன மூலையில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிடுவான்.

போன வருஷம் ஐப்பசியில் அவனுக்கு ஒரு போன் வந்தது.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழம சிதம்பரம் வூட்டு காதுகுத்து. எரநூறு பேரு சாப்பாடு. காலைல ஏழு மணிக்கெல்லாம் பாத்திரம் வந்துடணும். எடம் எங்கன்னா..."

"சிதம்பரம்தானண்ணே? டாண்ணு வந்து நிக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். எதிரே ஒரு நாற்காலி கால் உடைந்து கிடந்தது. மனசு அப்போதே அதற்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குச் சிதம்பரம் போய்க் கீழவீதியில் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணே, கீழவீதியில நிக்கறேன். எந்தப் பக்கம் வரணும்?"

"கீழவீதியா? எங்க ஊர்ல ஏது தம்பி கீழவீதி?"

"சிதம்பரத்துலண்ணே."

"யோவ், சிதம்பரம் எங்க மாமா பேருய்யா! வூடு மேல்பட்டாம்பாக்கத்துல இருக்கு!"

நம் பக்கத்தில் ஊருக்கும் அந்தப் பேர், ஆளுக்கும் அந்தப் பேர். 'வூட்டு' என்ற ஒரு சொல்லைக் காதில் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பான். வந்த தூரம் முழுக்கத் திரும்பி, கடலூரையும் தாண்டி அவன் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. குழந்தைக்குக் காது குத்தி முடிந்து, அழுகையும் ஓய்ந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் காலியான பந்தலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கொளஞ்சியப்பன் காதுக்கு விஷயம் போயிற்று. அவன் மகன் ராஜவேல், பவானிக்கு அண்ணன், நெய்வேலியில் வைத்திருந்த செல்போன் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்தான்.

"மாசி முடியட்டும்" என்றான் கொளஞ்சியப்பன். "அதுக்குள்ள இன்னொரு தப்பு நடந்துச்சு, கடையில ராஜவேலு ஒக்காருவான். நீ வண்டிய ஓட்டு, அவன் சொல்ற எடத்துக்கு."

சிலம்பரசன் என்னிடம் வந்துதான் சொன்னான். "பன்னெண்டு வருஷமா என் கடைன்னு சொல்லிட்டேன் பெரிய மாமா. இனிமே மச்சான் எதிர்ல நின்னு 'இன்னைக்கு எங்க போவணும்'னு கேக்கணுமா?"

மார்கழியில் விசேஷம் கிடையாது, கடை சும்மா கிடந்தது. அப்போது பவானி போனில் ஒரு டாக்டர் கவனம் சிதறுவதைப் பற்றிப் பேசுகிற வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "எங்க வூட்டுக்காரர ஒளிஞ்சிருந்து பாத்துட்டுப் பேசற மாதிரி இருக்கு" என்று சொல்லி, அவனைச் சிதம்பரத்தில் மனநல டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். அவர் நிறையக் கேள்வி கேட்டார். சின்ன வயசில் எப்படி என்று தெரிந்துகொள்ளப் புஷ்பவள்ளிக்கே போன் போட்டார். அவள் முக்கால் மணி நேரம் விடவில்லையாம்.

ஏ.டி.எச்.டி. என்று பேர் சொன்னார். "நீங்க சோம்பேறி இல்ல. ஒங்களுக்குக் கவனமே இல்லன்னும் அர்த்தமில்ல. அது ஒங்க சொல்பேச்சு கேக்கறதில்ல, அவ்ளோதான். பொறந்ததுலேர்ந்து இருக்கறது. மாத்திர கொஞ்சம் ஒதவும். மிச்சத்துக்கு, கண்ணுல படற மாதிரி ஒங்க கடைய மாத்திக்குங்க."

வெளியே வந்து செருப்பை மாட்டினான். பிறகு, "சோம்பேறி இல்லன்னு சொன்னாருல்ல?" என்று கேட்டான். "சொன்னாரு" என்றாள் பவானி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான். அவளும் மறுபடியும் சொன்னாள்.

கொளஞ்சியப்பன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மறதிக்கு இங்கிலீசுல பேரு வெச்சுட்டு வந்திருக்கீங்க. பேரு வெச்சா சரியாப்பூடுமா?"

தை பிறப்பதற்குள் சிலம்பரசன் ஒரு காரியம் செய்தான். கடைச் சுவரில், உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, கிழமைக்கு ஒன்றாக ஏழு ஆணி அடித்தான். ஆர்டர் வந்தால் நோட்டைத் தொடுவதில்லை. பெரிய கரண்டி ஒன்றை எடுப்பான். பேர், ஊர், கிளம்பவேண்டிய நேரம் எழுதிய சீட்டைக் காம்பில் கட்டி, அந்தக் கிழமை ஆணியில் மாட்டுவான். பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, கடைசியாகத்தான் கரண்டி ஏறும். ஆணி காலி என்றால் அன்றைய வேலை முடிந்தது என்று கணக்கு. வருகிறவர்கள் எல்லாம், "என்ன தம்பி, கரண்டிக்குக் கண்ணு பட்டுச்சா, தாயத்து கட்டியிருக்க?" என்று சிரித்தார்கள். சிரித்தாலும் தை முழுக்க ஒரு பிசகு இல்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். வேலை அதிகம் என்று ராஜவேல் கைகொடுக்க வந்திருந்தான். சிலம்பரசன் விடியற்காலையில் நெல்லிக்குப்பத்துக்கு ஒரு லோடு இறக்கப் போனான். அந்த நேரம் சமையல்கார இருசம்மாள் குறிஞ்சிப்பாடிக் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவள், "இன்னொரு கரண்டி குடு ராசா" என்று கேட்டிருக்கிறாள். கடைக் கரண்டி எல்லாம் வெளியே போயிருந்தது. ஆணிக் கணக்கு தெரியாத ராஜவேல் சுவரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை ஆணியில் ஒன்று சும்மாதானே தொங்குகிறது என்று எடுத்து மூட்டையில் போட்டுவிட்டான்.

சிலம்பரசன் திரும்பிவந்து பார்த்தான். ஆணி காலி. நிம்மதியாக உட்கார்ந்து ஓர் அடுப்பைப் பிரிக்க ஆரம்பித்தான். ஒன்பது மணிக்குப் போன்.

"தம்பி, இருசம்மா பேசறேன். ஒங்க கரண்டிய சாம்பார்ல வுடப் போனேன், காம்புல சீட்டு கட்டியிருக்கு. 'சிதம்பரம் ஊர், வடக்கு வீதி, வளைகாப்பு, வெள்ளி எட்டரைக்குக் கெளம்பணும்'னு போட்டிருக்கு. இன்னைக்குத்தான வெள்ளிக்கிழம?"

ராஜவேல் முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், அது சும்மா தொங்குதுன்னு நான்தான்..."

"பேச்சு அப்பறம். அண்டாவ அந்தப் பக்கம் புடிங்க மச்சான்" என்றான் சிலம்பரசன். குரலில் பதற்றமே இல்லையாம். எது முதலில், எது அடியில், எது கதவோரம் என்று ஒன்று மாறாமல் கால் மணி நேரத்தில் ஏற்றினான். பத்தே கால் தாண்டி வடக்கு வீதியில் இறக்கியபோது, அங்கே காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரமானதே யாருக்கும் தெரியாது.

ராஜவேல் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கடையை வாங்கியிருக்கலாம். நேராக அப்பனிடம் வந்து நின்றான். அன்றைக்கு நானும் பவானியும் அங்கே இருந்தோம்.

"தப்பு என்னுதுப்பா. சிதம்பரம் ஆர்டர் கரண்டிய நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன். இருசம்மா சீட்டப் படிச்சுட்டுப் போன் பண்ணலன்னா அவ்ளோதான்."

கொளஞ்சியப்பன் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தான். "கரண்டி போன எடத்துலேர்ந்தே போன் வந்துச்சா?"

"ஆமாம்பா."

"நான் எத்தன நோட்ட தொலைச்சிருக்கேன். எந்த நோட்டாவது போன் பண்ணியிருக்கா?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். பவானியும் சிரித்தாள். அப்புறம் மருமகனுக்குப் போன் போடச் சொன்னான்.

"டேய், கேட்டுக்க. மாசி முடியறதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம். கடை ஒன்னுதுதான். ராஜவேலு ஒங்கிட்ட வேல கத்துக்கட்டும்."

"சரி மாமா" என்று வைத்துவிட்டான். எங்களுக்குச் சப்பென்று ஆயிற்று. பிறகுதான் தெரிந்தது, அந்த நேரம் வளைகாப்பு வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததாம். அதை இறுக்கிக் கொண்டிருந்தானாம்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பவானிக்குப் போன். திரும்பும் வழியில் புதுச்சத்திரத்தில் டீக் கடையில் நிற்கிறான்.

"ஏ பவானி, மாமா சித்த முன்னாடி என்ன சொன்னாரு?"

"ஏங்க, அது காதுலயே வுழலையா ஒங்களுக்கு?"

"வுழுந்துச்சு. இப்பத்தான் உள்ள வந்துச்சு. கடை என்னுதுன்னா சொன்னாரு?"

பவானிக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள். ராஜவேல், "ஆமா மொதலாளி!" என்று கத்தினான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர்டர் பண்ண டீய குடிச்சானா கேளு" என்றான் கொளஞ்சியப்பன்.

குடிக்கவில்லை. கையிலேயே ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை அப்படியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொன்று சூடாகப் போடச் சொன்னானாம்.