மாதிரித் திரையில் தோணிரேவு

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டில் ஐஸ் ஃபேக்டரி நடத்திய ஒரு பாய், எந்த ஊருக்கு எவ்வளவு ஐஸ் என்று கணக்கு வைக்க ஒரு புரோகிராம் கேட்டார். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முதலில் என்பதுதான் அங்கே முறை என்றார்.

முழுதாக எழுதுவதற்கு முன்னால் ஒரு மாதிரி காட்டலாம் என்று முடிவு செய்தோம். திரை மட்டும் இருக்கும். பின்னால் கணக்கு எதுவும் ஓடாது. வெறுமையாக இருந்தால் புரியாதே என்று அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போட்டேன். ஐஸ் தீர்ந்துபோனால் திரை எப்படி இருக்கும் என்று காட்ட, தோணிரேவுக்கு நேராக ‘இல்லை’ என்று ஆங்கிலத்தில் அடித்து வைத்தேன்.

வாடகைக் காரில் கம்ப்யூட்டரை மடியில் வைக்காத குறையாகக் கொண்டுபோனோம். பாய் அதைத் திறப்பு விழாவாகவே ஆக்கிவிட்டார். கோட்டைக்குப்பத்துக் கடல் படகுக்காரர்களும், ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து இறால் வாங்கி விற்கும் ஒரு அக்காவும் வந்திருந்தார்கள். பாயின் மருமகன் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சத்தமாகப் படித்தார்.

அக்கா என்னிடம் திரும்பினாள். “இன்னாம்மா இது? நாங்க இன்னும் கேக்கவே இல்ல. அதுக்குள்ள இல்லன்னு சொல்லுது?”

“இது சும்மா மாதிரிக்குப் போட்டதுக்கா.”

“மாதிரிக்குக்கூட எங்களுக்குத்தான் இல்லையா?”

படகுக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். “கடலுக்குப் போறவனுக்குத்தான் மொதல்ல. எப்பவும் அப்படித்தானே?”

“எப்பவும்னு யாரு சொன்னது? ஏரில புடிக்கிற இறாலு கெட்டுப்போவாதா?”

இருவரும் பாயைப் பார்த்தார்கள். பாய் மெதுவாக ஒத்துக்கொண்டார். வந்த வரிசைப்படி என்று என்னிடம் சொன்னாரே தவிர, ஐஸ் குறைந்த நாட்களில் கடல் படகுகளுக்குத்தான் முதலில் கொடுத்து வந்திருக்கிறார். சத்தம் அடங்க நேரமாயிற்று. நாங்கள் கிளம்பும்போது பாய், “மிஷினக் காட்டச் சொன்னா சண்டையக் காட்டிட்டியேம்மா” என்றார்.

வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றே எங்கள் கம்பெனி முதலாளி நினைத்தார். எனக்கோ சந்தோஷம்தான் மிஞ்சி நின்றது. அந்தத் திரையைக் காட்டாமல் எழுதியிருந்தால், இல்லாத முறைக்கு ஒரு புரோகிராம் எழுதியிருப்பேன். இன்னொரு மாதிரி செய்ய அனுமதி கேட்டு வாங்கினேன். இதில் ஏரிக்காரர்களுக்கு என்று ஒரு பங்கு காலையிலேயே ஒதுங்கிவிடும். மதியம்வரை யாரும் வாங்காவிட்டால்தான் மற்றவர்களுக்குப் போகும். மறுபடி பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய், ஊர்ப் பெயர்களை வந்தவர்களையே சொல்லச் சொல்லி அடித்தேன். மதியம் என்பது படகுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பேசிப் பேசி வெயில் ஏறும் நேரம் என்று முடிவானது.

பாய்க்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. “நல்லாத்தானே கீது. இதையே வெச்சிட்டுப் போ.”

“பாய், இதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. இன்னா அடிச்சாலும் இதே பதில்தான் வரும்.” அவர் பெயரையே ஊர்ப் பெயராக அடித்துக் காட்டினேன். அவருக்கும் ஒரு பங்கு ஐஸ் ஒதுங்கியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

நிஜப் புரோகிராமை எழுதி முடிக்க மழைக்காலம் வந்துவிட்டது. அது ஒரு வருடம் ஓடியது. பிறகு உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் பழுதானது. பாய் அதைச் சரிசெய்யவில்லை. ஆனால் ஏரிக்காரர்களின் பங்கைக் காலையிலேயே தனியாக எடுத்து, உருகாமல் உமி போட்டு மூடி வைப்பதை மட்டும் விடவில்லை.