ஐந்தேகால் விநாடி ஆழத்தில்

கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. நடந்தது என் கூடப்பிறந்த அக்காவுக்கு. அதில் ஒரு நாள் நானும் அந்த அறையில் இருந்தேன். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள் நான். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துப் பிழைக்கிறவள். என் காதில் பூச்சுற்ற அவ்வளவு சுலபமாக யாராலும் முடியாது.

இன்னொன்று. பேய் என்றதும் இருட்டு, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. மதியம் 2:17-க்கு. சாப்பிட்ட களைப்பில் அலுவலகமே கொட்டாவி விடும் நேரம்.

அக்காவுக்குக் கடலின் அடித்தரையை வரைபடமாக்கும் வேலை. அதுவும் வடதுருவக் கடலில். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகிற கப்பல் அது. அதன் அடியில் சோனார் என்ற கருவி இருக்கும். ‘ட்விக்’ என்று ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறதோ, அதை வைத்து ஆழம். ஒரு விநாடி என்றால் எழுநூற்றைம்பது மீட்டர். மின்னலைப் பார்த்துவிட்டு இடி வரும்வரை எண்ணுவோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு. இந்த எண்ணும் பழக்கம் அக்காவுக்கு ரத்தத்தில் ஊறியது. கதவு மணி அடித்தால்கூட எண்ணுவாள்.

பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். இந்த முறைதான் பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பு முழுசாக அவள் தலையில் விழுந்தது. நாற்பத்து மூன்று நாள், ஐம்பத்திரண்டு பேர். யார் எந்த அறையில் படுப்பது, எண்ணெய் எத்தனை டன், பனி எந்தப் பக்கம் நகர்கிறது, வயலை உழுகிற மாதிரி கப்பல் எந்தக் கோட்டில் போய் எந்தக் கோட்டில் திரும்புவது... எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தலைவர் மேசைக்குப் போக வேண்டும். தலைவர் என்றால் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர். நல்ல வார்த்தை பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற ஆசாமி. “இது சரியா வந்தா நிரந்தர வேலை. ஒரு தப்பு வந்தாலும் வாசலைப் பார்த்து நடக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

வரைபடத்தின் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் போன பயணத்தில் பாதியில் விட்ட இடம். அதை அடைப்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கிய வேலை. பாதியில் விட்டதற்குக் காரணம், நெட்டை.

நெட்டை, அக்காவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவன். ஆறடி நாலங்குலம். கப்பலில் அவன் தலை இடிக்காத கதவே கிடையாது. பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: மாலை 5:30-க்கு ‘ஒரு தம் போட்டுட்டு வரேன்’ என்று மேல்தளத்துக்குப் போனான். திரும்பவில்லை. முப்பது மணி நேரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவனைக் கடைசியாகப் பார்த்தவள் என்று அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை. மதியம் 2:05. அக்காவின் மேசைத் தொலைபேசி அடித்தது. நெட்டையின் மனைவி. ஆறு வருடத்தில் முதல் முறை.

“மறுபடியும் அங்கே கப்பல் போகுதுன்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமாம்மா.”

அந்தம்மா சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். “அவர் போன இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா? ஒரு ஹாரன் அடிச்சா போதும். வேற ஒன்னும் வேண்டாம்.”

“கண்டிப்பா. திட்டத்துலேயே குறிச்சிடறேன்.”

“சரியான இடம்தானே?”

அக்கா கொஞ்சம் தயங்கினாள். “சரியான இடம்தான்.”

போனை வைத்தபோது 2:16. பதிவேட்டில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்து, ‘இங்கே ஒரு ஹாரன்’ என்று திட்டத்தில் தட்டினாள்.

2:17.

ட்விக்.

அக்கா நிமிர்ந்தாள். சோனாரின் சத்தம். கப்பலில் நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய சத்தம். ஆனால் கப்பல் இருந்த துறைமுகம் நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு அப்பால்! பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து... கால்...

டொக்.

யாரோ எங்கோ ஆழத்திலிருந்து ஒரு தட்டு தட்டியது போல. ஐந்தேகால் விநாடி. ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர். அந்த ஓட்டை இருக்கிற இடத்தின் ஆழமும் அதுதான்.

பக்கத்து மேசைக்காரர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். “ஏதாவது கேட்டுச்சா?” என்றாள். “என்ன?” என்றார். அவ்வளவுதான். தூக்கம் சரியில்லை என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

செவ்வாய். 2:17.

ட்விக். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... டொக்.

நான்கே விநாடி. மூவாயிரம் மீட்டர். கட்டடப் பராமரிப்புக்காரரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினாள். “இது கீழ்த்தளம்மா. இதுக்கு அடியில வெறும் மண்ணு. குழாய்கூடக் கிடையாது” என்றார் அவர். ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

புதன். 2:17.

ட்விக். ஒன்று... இரண்டு... டொக்.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.

வருகிறது... ஏறி வருகிறது...

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து, கை கழுவப் போனவள் குழாயை மூடாமலே நின்றாள். நான்தான் போய் மூடினேன். அதட்டிக் கேட்டதில் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். சிரித்தேன். பாவி, சிரித்துவிட்டேன். “நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன்” என்றேன்.

வியாழன். அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சுவரில் பனி வரைபடங்கள். திரையில் வரிவரியாக நீலக் கோடுகள். வெளியே கண் கூசும் வெயில். மணி 2:16. தலைவர் கதவைத் திறந்து, “இங்கென்ன குடும்பக் கச்சேரியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

2:17.

அக்காவின் முகம் மாறியது. அவளுக்கு ‘ட்விக்’ கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. ஒன்று என்று எண்ண அவள் உதடு பிரிந்தது. முடிக்கவில்லை.

டொக்.

இது எனக்குக் கேட்டது. காதில் இல்லை. உள்ளங்காலில்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், வெயிலில் நின்றோம். “என்ன பண்ணித் தொலைச்சே? உண்மையைச் சொல்லு!” என்று கத்தினேன்.

சொன்னாள். ஆறு வருடமாக வாயைத் திறக்காததை அங்கே சொன்னாள்.

அந்த நாளில் கப்பல் பனியில் சிக்கி அசையாமல் நின்றிருந்தது. நெட்டை தம்மடிக்கப் போனது 5:30-க்கு இல்லை. மதியம் 1:50-க்கு. அக்கா கீழ்த்தளத்தில் தனியாக உட்கார்ந்து, சோனார் அனுப்புகிற புள்ளிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். தரையைக் காட்டாத புள்ளிகளெல்லாம் குப்பை. மீன், குமிழி, பனி உரசுவது... எல்லாவற்றையும் உடனுக்குடன் நீக்க வேண்டும். 2:17-க்குத் திரையில் சில புள்ளிகள் தெரிந்தன. முப்பது மீட்டர், அறுபது, தொண்ணூறு... நேராகக் கீழே இறங்கின. மீன் என்று நீக்கிவிட்டாள்.

கப்பல் மூன்று மணிக்கு விடுபட்டு நகர்ந்தது. சோம்பேறி எங்கோ படுத்துத் தூங்குகிறான் என்று அக்கா நினைத்தாள். ஆறு மணிக்குத் தேடத் தொடங்கியபோதுதான் அந்தப் புள்ளிகள் என்னவென்று உறைத்தது. நாலு மணி நேரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. பயந்துபோய், “அஞ்சரைக்குத்தான் போனான்” என்று சொல்லிவிட்டாள். பதினேழு கிலோமீட்டர் தள்ளித் தேடினார்கள்.

“அந்தம்மாகிட்ட சொல்லிடு.”

“வேலை போயிடும். கேஸ்கூடப் போடுவாங்க.”

“மனுஷியாடி நீ?”

“நான் பார்த்தப்போ அவன் செத்துப்போயிருந்தான்” என்றாள் அக்கா. “சத்தியமா. எப்படியும் காப்பாத்தியிருக்க முடியாது. நான் பார்த்தப்போ அவன் செத்துப்போயிருந்தான்.”

இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெள்ளி. கடைசி நாள். வேண்டாம் என்று தடுத்தேன். கேட்கவில்லை. நிரந்தர வேலை. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

2:17.

எண்ண இடமே இல்லை.

ட்விக்-டொக்.

நேர் கீழே. அவள் செருப்புக்கு அடியில்.

டொக். டொக். டொக்.

காலைத் தூக்கினாள். நாற்காலிக் காலுக்கு அடியில்... டொக். டொக். டொக்.

நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

கதவு நாலடி தூரம். அங்கிருந்தும்... டொக். டொக். டொக்.

உள்ளே விடு என்று கேட்கிற தட்டு இல்லை அது. கோபம். வெறும் கோபம்.

அக்கா திரைக்குப் பாய்ந்தாள். ஹாரன் இடத்து எண்களை அழித்தாள். ஆறு வருடமாக மறக்க முடியாத அந்த உண்மையான எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

தப்பாகத் தட்டினால்... கீழே மூன்று.

மறுபடி தப்பு. மறுபடி மூன்று.

கடைசி எண்.

நிசப்தம்.

மணி பார்த்தாள். 2:38. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். இருபத்தொரு நிமிடம் போயிருந்தது. அதன் அர்த்தம் அப்போது அவளுக்குப் புரியவில்லை.

திட்டம் ஐந்து மணிக்குத் தலைவர் மேசைக்குப் போயிற்று. எண் மாறியதை யாரும் கவனிக்கவில்லை. சத்தமும் நின்றது. ‘கேட்டதைக் கொடுத்தாச்சு’ என்று அக்கா பெருமூச்சு விட்டாள். ஆனால் கப்பலில் மட்டும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். தலைவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வேறு ஆளை அனுப்பினார்.

கப்பல் கிளம்பிய பத்தொன்பதாம் நாள், அங்கிருந்து தினசரி அறிக்கை வந்தது. ‘குறித்த இடத்தில் நிறுத்தி ஹாரன் அடித்தோம். உடனே சோனாரில் இரைச்சல். மூன்று மூன்றாக வந்தது. பனி உரசலாக இருக்கலாம். சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறோம்.’

மூன்று மூன்றாக...

அக்கா ஆறு வருடத்துக்கு முந்தைய மூலப் பதிவைத் திறந்தாள். நீக்கிய புள்ளிகள் அழிவதில்லை; மறைந்துதான் இருக்கும். எல்லாவற்றையும் திரும்பக் காட்டச் சொன்னாள். 2:17-க்கு இறங்கிய புள்ளிகள் வந்தன. அது அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இருந்ததைத்தான் அவள் மறந்திருந்தாள். 1:56-லிருந்து திரை முழுக்கக் கோடுகள். மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. கப்பலின் இரும்புச் சுவரை வெளியிலிருந்து யாரோ தட்டினால் சோனாரில் அப்படித்தான் விழும்.

அவள் மேசை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அன்று காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதிவின் கீழே நீக்கிய நேரங்கள் இருந்தன. 1:58. 2:03. 2:07. 2:12. 2:17. ஐந்து வரியிலும் ‘நீக்கியவர்’ என்ற இடத்தில் அவள் பெயர். ‘காரணம்’ என்ற இடத்தில் ஒரே சொல். இரைச்சல்.

மறுநாள் அக்கா அந்தம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நான் பொய் சொல்லிட்டேன்மா. சாயங்காலம் இல்ல. அவர் அன்னிக்கு மதியமே...”

“ஒன்னு அம்பத்தாறு” என்றார் அந்தம்மா.

நேரத்தை நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை.

“ஆறு வருஷமா தினமும் எங்க வீட்டுத் தரையில தட்டும். ஒன்னு அம்பத்தாறுக்கு ஆரம்பிக்கும். ரெண்டு பதினேழுக்கு நிக்கும். என்னென்னவோ பார்த்தாச்சு. உங்ககிட்ட பேசினேனே, அன்னிக்கும் தட்டிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க ‘சரியான இடம்தான்’னு சொன்னதும் பட்டுனு நின்னுடுச்சு. அப்புறம் எங்க வீட்டுக்கு வரவே இல்லை.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது எங்கே போச்சுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். வேலை போயிற்று. விசாரணை நடக்கிறது. அது கிடக்கட்டும். தட்டுகிற சத்தம் இதுவரை மறுபடி வரவில்லை.

ஆனால் தினமும் மதியம் 1:56-க்கு அக்காவின் கைபேசி அடிக்கிறது. அந்தம்மாதான். திட்டுவதில்லை. அழுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணுகிறார். விநாடிக்கு ஓர் எண். ஆயிரத்து இருநூற்று அறுபது வரை எண்ணிவிட்டு, சரியாக 2:17-க்கு வைத்துவிடுகிறார். எடுக்காதே என்று அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் எடுக்கிறாள்.